பி.எஸ்.ஏ. 9.2 வந்திருக்கிறது, அடுத்து என்ன?

ஒரு மகனின் கேள்வி இது: "அப்பாவுக்கு 68 வயது. ராத்திரியில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் புராஸ்டேட் சுரப்பிக்கான பரிசோதனையான பி.எஸ்.ஏ. 9.2. மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார், அப்புறம் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி வேண்டியிருக்கலாம் என்கிறார். ஊசியால் குத்தினால் புற்று பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். புற்றுநோய் என்று வந்துவிட்டால் உடனே ஆபரேஷன் செய்துவிட வேண்டுமா? எனக்கும் வருமா?"

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் விஷயத்தில், ஒன்றிரண்டு அவசர நிலைகளைத் தவிர, உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. ஒரு வாரத்தில் முடிவெடுத்தாக வேண்டும் என்று யாராவது நெருக்கினால் ஏன் என்று கேளுங்கள். ஆனால் நேரம் இருக்கிறது என்பதற்காகச் சோதனையையே தள்ளிப்போடக் கூடாது. உங்கள் வீட்டில் இப்போது நடப்பது அதுதான்.

ராத்திரி எழுந்திருப்பதையும் 9.2-ஐயும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடாதீர்கள். புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இளம் வயதில் ஒரு அக்ரூட் கொட்டை அளவுதான். வயது ஏற ஏற, குழாயை ஒட்டிய உட்பகுதி பெருக்கும். இது புற்று இல்லை, வெறும் வீக்கம். சிறுநீர் மெல்லிய தாரையாக வருவது, தொடங்கத் தாமதமாவது, போன பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுவது, ராத்திரி அடிக்கடி எழுவது எல்லாம் பெரும்பாலும் இந்த வீக்கத்தின் வேலை. சர்க்கரை நோய், இதயக் கோளாறு, மாலையில் போடும் நீர் பிரியும் மாத்திரை ஆகியவையும் ராத்திரி எழுப்பும்.

புற்றுநோய் தொடங்கும் இடமே வேறு. சுமார் 70 சதவீதம் சுரப்பியின் வெளி விளிம்பில், மலக்குடல் பக்கமாக உருவாகிறது. அங்கிருந்து வளர்ந்து வந்து குழாயை நெருக்க அதற்கு ரொம்ப காலம் ஆகும். அதனால் ஆரம்பக் கட்டத்தில் ஒரு தொந்தரவும் இருக்காது. "சிறுநீர் நன்றாகத்தான் போகிறது, எனக்கு எதற்கு டெஸ்ட்?" என்று கேட்பவரிடம் புற்று இருக்கலாம், ராத்திரியெல்லாம் எழுந்து அவதிப்படுபவரிடம் அது இல்லாமலும் போகலாம். முற்றிய பிறகு வரும் அறிகுறிகள் வேறு: இடுப்பிலும் முதுகெலும்பிலும் விடாத வலி, சிறுநீரிலோ விந்திலோ ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, கால் வீக்கம், ரத்தசோகை. அப்பாவுக்கு இவற்றில் எதுவும் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீக்கத்துக்காகக் குழாய் வழியாகப் புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்தவர்கள், "எனக்குத்தான் புராஸ்டேட்டையே எடுத்துவிட்டார்களே" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த ஆபரேஷனில் எடுப்பது உட்பகுதியை மட்டும். புற்று கிளம்பும் வெளி விளிம்பு அப்படியேதான் இருக்கிறது.

சரி, 9.2-க்கு வருவோம். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். விந்து கெட்டியாக இல்லாமல் நீர்த்துப்போக உதவுவது அதன் வேலை. அதில் கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கிறது. சுரப்பி பெரிதானால் கூடும். கிருமித் தொற்று வந்தால் கூடும், சில நேரம் பல மடங்கு. சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட்டிருந்தாலும், ரத்தம் கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன் விந்து வெளியேறியிருந்தாலும், நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டியிருந்தாலும் கூடலாம். புற்று இருந்தாலும் கூடும். ஆக, புராஸ்டேட்டில் ஏதோ நடக்கிறது என்று இந்த எண் சொல்கிறது, என்ன நடக்கிறது என்று சொல்லாது. 4 முதல் 10 வரை வந்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் பயாப்சியில் புற்று தெரியும் என்பது பழைய கணக்கு. 10-ஐத் தாண்டினால் பாதிப் பேருக்கு மேல். அதேபோல 4-க்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2004-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 4-க்குள் இருந்தவர்களிலும் 15 சதவீதம் பேருக்குப் பயாப்சியில் புற்று இருந்தது.

அப்பா வீக்கத்துக்காக ஃபினாஸ்டெரைடு அல்லது டூட்டாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மருந்துப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். இவற்றை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். அப்படியிருந்தும் 9.2 வந்திருந்தால் அதை 18 என்று வைத்துத்தான் யோசிக்க வேண்டும். இந்த ஒரு தகவலை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால் கணக்கே மாறிப்போகும்.

சிறுநீரில் தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்தி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கலாம். தொற்று இல்லையென்றாலும் சில வாரம் விட்டு, முடிந்தால் அதே ஆய்வகத்தில், இன்னொரு தடவை பார்ப்பது நல்லது. தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. தொற்றுக்கான அடையாளமே இல்லாதபோது, பி.எஸ்.ஏ.வைக் குறைப்பதற்காக என்று ஒரு மாதம் ஆன்டிபயாடிக் எழுதித் தரும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எண் இறங்கினாலும் புற்று இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்தது விரல் பரிசோதனை. மருத்துவர் கையுறை போட்டு, மலத்துவாரம் வழியாக ஒரு விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பார். அரை நிமிட வேலை. கூச்சத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருபவர்கள் ஏராளம். ஒரு பக்கம் கல் மாதிரி இறுகியிருக்கிறதா, முடிச்சு தட்டுப்படுகிறதா என்று அதில் தெரியும். தெரிந்தால் பி.எஸ்.ஏ. குறைவாக இருந்தாலும் மேலே பார்த்தாக வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யை முதலில் எடுக்கச் சொல்லும் உங்கள் மருத்துவர் சரியான வரிசையில்தான் போகிறார். முன்பெல்லாம் பி.எஸ்.ஏ. கூடினால் நேராகப் பயாப்சிதான். புற்று எங்கே என்று தெரியாமலே பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்தி எடுப்பார்கள். இப்போது ஸ்கேனில் சந்தேகமான இடத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே குறிவைக்கலாம். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் இருக்கும். 1, 2 என்றால் வீரியமான புற்று இருக்கும் வாய்ப்பு குறைவு. 4, 5 என்றால் பயாப்சி அவசியம். 3 இரண்டுங்கெட்டான்.

அதே ரிப்போர்ட்டில் புராஸ்டேட்டின் கொள்ளளவும் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து ஒரு கணக்குப் போடுங்கள்: பி.எஸ்.ஏ.வைக் கொள்ளளவால் வகுக்க வேண்டும். அப்பாவின் சுரப்பி வீங்கி 70 மில்லி இருந்தால் 9.2-ஐ 70-ஆல் வகுத்தால் 0.13. அவ்வளவு பெரிய சுரப்பிக்கு அந்த பி.எஸ்.ஏ. ஓரளவு இயல்புதான். அதே 9.2, சுரப்பி 30 மில்லி மட்டும் இருந்தால் 0.31. சின்னச் சுரப்பி இவ்வளவு சுரக்கிறதென்றால் சந்தேகப்பட வேண்டும். 0.15-க்கு மேல் போனால் கவனம் கூட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பைராட்ஸ் 3 வந்து குழம்பி நிற்கும்போது முடிவெடுக்க உதவுவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

இனி, குத்தினால் பரவுமா என்ற கேள்வி. புராஸ்டேட் பயாப்சியில் ஊசித் தடத்தில் புற்று ஒட்டிக்கொண்டு வளர்வது மிக மிக அரிது. பயாப்சி செய்த பிறகு நோய் பரவியிருப்பது தெரிய வரும்போது, குத்தியதால்தான் பரவியது என்று ஊரே சொல்லும். முன்பே பரவியிருந்ததை அந்தச் சோதனைகள் காட்டிக்கொடுத்தன, அவ்வளவுதான். உண்மையான ஆபத்து கிருமித் தொற்று. மலக்குடல் வழியாக ஊசி போகும்போது அங்குள்ள கிருமிகள் ரத்தத்தில் கலக்கலாம். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாக எடுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. எந்த வழியாகச் செய்வார்கள் என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். செய்த பிறகு சிறுநீரில் சில நாளும் விந்தில் சில வாரங்களும் ரத்தம் தெரியலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் ஒரே சொல்லில் போய் நிற்கும். அதைத் தாண்டிப் படியுங்கள். "12 துண்டுகளில் 3-ல் புற்று, க்ளீசன் 3+4=7, தரப்பிரிவு 2, அதிகபட்சம் 40 சதவீதம்" என்பது போல ஒரு வரி இருக்கும். மொத்தக் கதையும் அந்த வரியில்தான் இருக்கிறது. அந்த 40 சதவீதம், ஒரு துண்டில் அதிகபட்சம் எவ்வளவு பகுதி புற்று என்பது. க்ளீசன் என்பது, டொனால்ட் க்ளீசன் என்ற அமெரிக்க நோயியலாளர் 1960-களில் உருவாக்கிய முறை. செல்கள் இயல்பான அமைப்பிலிருந்து எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்பதற்கு மதிப்பெண் கொடுத்து, அதிகமாகக் காணப்படும் வகையை முதலிலும் அடுத்ததை இரண்டாவதாகவும் எழுதுவார்கள். இப்போது நடைமுறையில் 3-க்குக் கீழே கொடுப்பதில்லை. ஆகவே 3+3=6 தான் அடிமட்டம். பத்துக்கு ஆறு என்று பார்த்துப் பயந்துபோகிறார்கள். ஆனால் அது மிகச் சாதுவான வகை, பரவும் சுபாவமே அனேகமாக இல்லாதது. அதைப் புற்றுநோய் என்று அழைக்கலாமா என்றே நிபுணர்களுக்குள் விவாதம் நடக்கிறது.

3+4-க்கும் 4+3-க்கும் கூட்டுத்தொகை 7 தான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. முன்னதில் சாதுவான செல்கள் அதிகம், பின்னதில் வீரியமானவை அதிகம். அதனால்தான் தரப்பிரிவு என்று 1 முதல் 5 வரை தனியாகப் பிரித்தார்கள்: 6 என்றால் 1, 3+4 என்றால் 2, 4+3 என்றால் 3, 8 என்றால் 4, 9-ம் 10-ம் 5. மருத்துவரிடம் பேசும்போது "க்ளீசன் 7" என்று நிறுத்தாமல் எந்த 7 என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஸ்லைடுகளை இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டலாம். மறுபடியும் குத்த வேண்டியதில்லை.

தரப்பிரிவு 1-க்கு எலும்பு ஸ்கேன், உடல் முழுக்கப் பெட் ஸ்கேன் எல்லாம் தேவையில்லை. வீரியமான வகை, பி.எஸ்.ஏ. 20-க்கு மேல், அல்லது எம்.ஆர்.ஐ.யில் சுரப்பியை விட்டு வெளியே வந்தது போலத் தெரிந்தால்தான் பரவியிருக்கிறதா என்று தேட வேண்டும். புராஸ்டேட் புற்று செல்களின் மேலுள்ள ஒரு புரதத்தைத் தேடிக் காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் கிடைத்தால், பழைய எலும்பு ஸ்கேனையும் சி.டி.யையும் விடத் துல்லியமானது.

இப்போது உங்கள் பெரிய கேள்வி: உடனே ஆபரேஷனா? தரப்பிரிவு 1 என்றால் பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ., அவ்வப்போது எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறு பயாப்சி என்று கண்காணித்துக்கொண்டு, நிலைமை மாறினால் அப்போது சிகிச்சை. "புற்றை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?" என்று வீட்டில் யாராவது கொதிப்பார்கள். பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வை அவர்களுக்குச் சொல்லுங்கள். சுரப்பிக்குள்ளேயே இருந்த புற்றுக்காக 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்து 15 ஆண்டு பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலுமே 3 சதவீதம் அளவுதான். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு உடலின் வேறு இடங்களுக்குப் பரவியது கூடுதல், 9 சதவீதத்துக்குச் சற்று மேல். மற்ற இரண்டிலும் 5 சதவீதம் அளவு. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னால் சிகிச்சைக்கு மாறவும் செய்தார்கள். அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒருவர், 15 வருடம் கழித்தும் இந்தப் புற்றுக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே உயிரோடு இருந்தார்.

நடுத்தர வகைக்கும் (பெரும்பாலும் தரப்பிரிவு 2, 3), வீரியமானாலும் பரவாத வகைக்கும் சுரப்பியை முழுசாக எடுப்பது ஒரு வழி, கதிர்வீச்சு இன்னொரு வழி. எது சிறந்தது என்று அறுவை நிபுணரைக் கேட்டால் அறுவை என்பார், கதிர் நிபுணரைக் கேட்டால் கதிர் என்பார். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறத்தாழ சமம், தொந்தரவுகள்தான் வேறு. அறுவைக்குப் பின் ஒன்றிரண்டு வாரம் டியூப் இருக்கும். அதை எடுத்ததும் இருமினால், எழுந்தால் சிறுநீர் கசியும். மாதக்கணக்கில் இடுப்புத் தசைப் பயிற்சி செய்தால் பெரும்பாலோருக்குச் சரியாகும்; சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். ஆண்குறி விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றும் முறை 1980-களிலேயே வந்துவிட்டாலும், புற்று நரம்பை ஒட்டியிருந்தால் விட்டுவைக்க முடியாது. ரோபோ என்றால் இந்தப் பிரச்சினைகள் வராது என்று நம்பிவிடாதீர்கள். ரத்த இழப்பு குறையும், சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். மற்றபடி யார் இயக்குகிறார், எத்தனை செய்திருக்கிறார் என்பதே முக்கியம்.

கதிர்வீச்சு முன்பு ஏழெட்டு வாரம் இழுக்கும். இப்போது நான்கு வாரத்தில் 20 தடவை என்பது பரவலாகிவிட்டது, பொருத்தமானவர்களுக்கு 5 தடவையிலும் முடிக்கிறார்கள். கசிவு குறைவு. சிறுநீர் எரிச்சல், மலத்தில் ரத்தம் போன்றவை வரலாம், சில வருடம் கழித்துக்கூட. விறைப்பு உடனே போகாமல் மெல்லக் குறையும். நடுத்தர வகையிலேயே பலருக்கு இதோடு சில மாதமும், வீரியமான வகைக்கு ஒன்றரை முதல் மூன்று வருடம் வரையும், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி சேரும். உங்கள் அப்பாவைப் போல வீக்கத்தின் தொந்தரவு நிறைய இருப்பவருக்குக் கதிரால் அது முதலில் கூடலாம். அவர் விஷயத்தில் நான் முதலில் கேட்கக்கூடிய கேள்வி இது. அப்புறம், அவருடைய இதயம், சர்க்கரை, நடமாட்டம் எல்லாம் எப்படி? இன்னும் பத்து வருடமாவது நல்லபடியாக இருப்பார் என்றால்தான் இந்தப் பெரிய சிகிச்சைகளால் பலன்.

சிகிச்சைக்குப் பின் பி.எஸ்.ஏ.வைப் படிக்கும் விதமும் மாறும். சுரப்பியை எடுத்தபின் அது அளக்க முடியாத அளவுக்கு இறங்க வேண்டும், 0.2-ஐத் தொட்டாலே திரும்ப வருகிறதோ என்று பார்க்க வேண்டும். கதிருக்குப் பின் மெதுவாக, ஒன்றிரண்டு வருடம் எடுத்துக்கொண்டு இறங்கும். நடுவில் ஒரு சின்ன ஏற்றம் வந்து தானே அடங்குவதும் சகஜம்.

பரவிவிட்டிருந்தால் முழுக்கக் குணமாக்குவது கடினம், ஆனால் பல வருடம் கட்டுப்பாட்டில் வைக்கலாம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான் இந்தப் புற்றுக்குத் தீனி என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். 1966-ல் நோபல் பரிசு வந்தது. இன்றைக்கும் அடிப்படை அதுவே. விதைகளை எடுக்கலாம், அல்லது மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு ஊசி. சில ஊசிகள் முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோனைக் கூட்டிவிட்டுப் பிறகுதான் குறைக்கும். அதனால் கூடவே ஒரு தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள், அதை விட்டுவிடக் கூடாது. ஊசி மட்டும் போட்ட காலம் போய், இப்போது ஆரம்பத்திலேயே அபிராடெரோன், என்சலூட்டமைடு, டாரோலூட்டமைடு போன்ற மாத்திரைகளில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். சிலருக்கு டோசிடாக்சல் கீமோவும் சேரும். ஆயுள் நீள்கிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் உண்டு. விலையாக உடல் சூடேறி வியர்ப்பது, தசை தளர்வது, எலும்பு தேய்வது, சர்க்கரை ஏறுவது, மனச்சோர்வு, ஆசை அற்றுப்போவது எல்லாம் வரும். உடற்பயிற்சியை மருந்து மாதிரி நினைத்துச் செய்ய வேண்டிய கட்டம் இதுதான். எலும்பைப் பலப்படுத்த ஊசி போடுவதாக இருந்தால் முதலில் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தாடை எலும்பு பாதிக்கப்படலாம்.

நேரம் இருக்கிறது என்று மேலே சொன்னதற்கு முக்கியமான விதிவிலக்கு இங்கேதான். எலும்புக்குப் பரவிய ஒருவருக்குத் திடீரென்று முதுகுவலி கூடி, கால் பலம் இழந்து, தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு போனால் தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவமனை. ஒரு நாள் தாமதித்தாலும் நடை திரும்பாமல் போகலாம்.

சத்து மாத்திரை கேட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. புராஸ்டேட் புற்றைத் தடுக்கும் என்று எதிர்பார்த்து வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், 2011-ல் வெளியான கணக்குப்படி, புற்று 17 சதவீதம் கூடியது. செலினியத்தால் பயனில்லை.

உங்களுக்கு வருமா என்றால்: அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் உங்கள் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. அவருக்கு இது இளம் வயதில் வந்திருந்தால் இன்னும் கூடும். குடும்பத்தில் பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்று இருந்தால் இந்தப் புற்றுகளின் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணு மாற்றத்தைப் பற்றி மரபியல் ஆலோசகரிடம் பேசுங்கள். பொதுவாக 50 வயதில் பி.எஸ்.ஏ. பற்றி யோசிக்கலாம், குடும்பத்தில் இருந்தால் 45-ல். அதிலும் லாப நஷ்டம் உண்டு. ஐரோப்பாவில் 23 ஆண்டு தொடர்ந்த ஆய்வில், பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புராஸ்டேட் புற்று மரணம் 13 சதவீதம் குறைந்தது. அதாவது 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. அந்த ஒருவருக்காக மற்றவர்களில் சிலர் தேவையில்லாத கவலையையும் பயாப்சியையும் சந்திக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யும் கண்காணிப்பும் வந்த பிறகு அந்த நஷ்டம் குறைந்திருக்கிறது. உங்களுக்கு 45 ஆகவில்லை என்றால் இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். அப்பாவின் ரிப்போர்ட்டில் புற்று இல்லை என்று வந்தால், அவரால் உங்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை. இருக்கிறது என்று வந்தால் உங்கள் சித்தப்பா, பெரியப்பாவிடமும் அந்தத் தரப்பிரிவு எண்ணோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய மருத்துவர் அதைத்தான் கேட்பார்.